இருநூற்று நாற்பது என்று எழுதினேன்

எனக்குச் சாக்லேட் அவ்வளவாகப் பிடிக்காது. கேரமல் மிட்டாய்தான் பிடிக்கும். அதையும் கடிக்க மாட்டேன். கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நான்கு கணக்குப் போட்டு முடிக்கும்வரை வரும்.

பதினாறு வயதுப் பெண்ணுக்கு மிட்டாய் பிடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில்தான் அது அதிசயம்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு பெண் அதிகாரி வருகிறார். என் தங்கை செத்துப்போனதில் யார்மேல் தப்பு என்று விசாரிக்கிறவர். அவரிடம் ஒரு நோட்டும், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு எண்களைச் சொல்கின்றன. நோட்டில் இருப்பது என் கையெழுத்து. ஏன் இப்படி என்று கேட்பார். ஒரே ஒரு கேள்விதான். ஆனாலும் இப்போதே போனில் எழுத்தெல்லாம் தப்புத் தப்பாக விழுகிறது. பதில் சொல்வதற்கு முன்னால் யாரிடமாவது ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. உங்களுக்கு என்னைத் தெரியாது. அது வசதி.

முதலில் அம்மாவைப் பற்றி. அக்கம்பக்கத்தில் அம்மாவைப் பைத்தியம் என்கிறார்கள். அப்படி இல்லை. அம்மாவின் அப்பாவுக்குச் சர்க்கரை நோயில் முதலில் கட்டைவிரல் போனது, பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும். புண்ணுக்குக் கட்டுப் போட்டதெல்லாம் அம்மாதான். முப்பத்தெட்டு வயதில் தனக்கும் சர்க்கரை என்று தெரிந்த அன்றைக்கே சோறு, ரொட்டி, கிழங்கு, பழச்சாறு எல்லாவற்றையும் நிறுத்தினாள். முட்டை, கறி, மீன், காலிபிளவர், வெண்ணெய், அவ்வளவுதான். ஒரே வருடத்தில், இனி மாத்திரை வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இதெல்லாம் நிஜம். அம்மா பொய் சொல்கிறவள் இல்லை.

பிறகு அம்மா மற்றவர்களுக்கும் சொல்லித்தர ஆரம்பித்தாள். எங்கள் வீடு மாடியில். கீழே முன்பு தையல் கடை இருந்த அறையைச் சுத்தம் செய்து, இருபது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு எடை மெஷின், ஒரு வெள்ளைப் பலகை போட்டு வகுப்பாக்கினாள். லாரி ஓட்டுகிறவர் வருவார், பள்ளிக்கூட டீச்சர் வருவார், கல்யாணத்துக்கு முன் இளைக்க வேண்டும் என்று அழுகிற அக்காக்கள் வருவார்கள். சர்க்கரை ஒரு போதை என்பதுதான் முதல் பாடம். பலகையில் எப்போதும் அழிக்காமல் ஒரு வரி இருக்கும்: போதையில் இருப்பவர் முதலில் சொல்வது பொய்.

வகுப்பில் இரண்டு பழக்கங்கள் இருந்தன. அவை தெரியாவிட்டால் மற்றது புரியாது. சேரும்போது வீட்டிலுள்ள இனிப்பையெல்லாம் கொண்டுவந்து ஒரு பெரிய தகரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். இது முதலாவது. சனிக்கிழமை வகுப்பில், அந்த வாரம் தவறி எதையாவது சாப்பிட்டவர்கள் எழுந்து நின்று எதை, எத்தனை, எப்போது என்று சொல்ல வேண்டும். இது இரண்டாவது. சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள். எல்லாரும் கைதட்டுவார்கள். லாரிக்காரர் ஒருமுறை, "பாலத்துக்கு அடியில வண்டிய நிறுத்திட்டு ஒரு முழு கேக் சாப்பிட்டேன்மா, என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது," என்று அழுதார். அவ்வளவு கைதட்டல். அவர் மனைவி அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

தகரப் பெட்டியைக் காலி செய்து குப்பையில் கொட்டுவது என் வேலை.

ஏன் எனக்கு அந்த வேலை என்றால், என்மேல்தான் அம்மாவுக்கு நம்பிக்கை. வகுப்பின் சுவரில் என்னுடைய இரண்டு படங்கள் இருந்தன. பதினான்கு வயதில் குண்டாக, பதினைந்து வயதில் ஒல்லியாக. கீழே பெரிய எழுத்தில், பதினாறு கிலோ. புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் எழுந்து நின்று பேசுவேன். "ரெண்டு வருஷமா ஒரு துளி சர்க்கரை தொட்டதில்லை." அப்போதும் கைதட்டுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மிட்டாயைவிடப் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். இரண்டும் வேண்டியிருந்ததுதான் சிரமம். மிட்டாய் தின்ற நாளில் மற்ற எதையும் சாப்பிடாமல் இருந்துவிடுவேன். எடை ஏறாது.

தங்கையின் பேரைச் சொல்ல வேண்டாம். வீட்டில் அவளைச் சுண்டு என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பது வயது. வகுப்பில் எல்லாருக்கும் அவள்தான் செல்லம். சர்க்கரை என்றால் என்ன என்றே தெரியாமல் வளர்கிற பிள்ளை என்று அம்மா பெருமையாகச் சொல்வாள்.

இதில் வீட்டுக்குள் ஒரே எதிர்ப்பு சித்தப்பா. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் அம்மாவுக்கும் அவருக்கும் மல்லுக்கட்டுத்தான். கடைசியாக நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணி, உங்களுக்கு நல்லா வேலை செஞ்சிருக்கு. நான் இல்லேங்கல. ஆனா இதையே இருபது வருஷம் சாப்பிட்டா என்ன ஆகும்னு உங்க வகுப்புல யாருக்காவது தெரியுமா? வளர்ற பிள்ளைக்கு எதுக்கு இது?"

"இருபது வருஷம் அந்தச் சாப்பாடு சாப்பிட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் தம்பி. எங்கப்பா கால ஒரு துணியில சுத்தி என் கையிலதான் குடுத்தாங்க."

"அது வேற, இது வேற அண்ணி. இந்தப் பிள்ளை பசிக்குதுன்னு சொல்லவே பயப்படுது. போதை கீதைன்னு அதுகிட்டப் பேசாதீங்க."

"நீங்க மருந்து விக்கிறவங்க. எல்லாருக்கும் நோய் சரியாயிட்டா அப்புறம் உங்களுக்கு என்ன வேலை?"

சித்தப்பா பாதி குடித்த காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனவர்தான். பிறகு வீட்டுக்கு வரவில்லை. அப்பா லிப்ட் ரிப்பேர் வேலை, காலை ஆறு மணிக்குப் போனால் ராத்திரிதான் வருவார். அன்று சித்தப்பா போனதும் அவர் எங்களிடம் மெதுவாக, "சத்தமாச் சிரிக்காதீங்கடி. சிரிப்புல எவ்வளவு மாவுச்சத்து இருக்குன்னு உங்கம்மா இன்னும் பார்க்கல," என்றார். சுண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டில் அப்பாவின் எதிர்ப்பு அவ்வளவுதான்.

மிட்டாய்க் காகிதங்களை நான் என் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். தங்க நிறக் காகிதம், வீட்டுக் குப்பையில் போட்டால் பளிச்சென்று தெரியும், அடுத்த தடவை தகரப் பெட்டியைக் கொட்டும்போது சேர்த்துப் போட்டுவிடலாம் என்று இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா உறைகளைத் துவைக்கப் போவதாகச் சொன்னாள். கைக்கு எட்டிய இடம் சுண்டுவின் கலர் பென்சில் பெட்டி. அதில் திணித்தேன். தற்காலிகமாகத்தான். மறுநாள் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே அம்மா பென்சில் சீவ அந்தப் பெட்டியைத் திறந்தாள்.

பதினேழு காகிதம். அம்மா ஒவ்வொன்றாக நீவி மேசைமேல் அடுக்கினாள்.

"நான் எடுக்கலைம்மா," என்றாள் சுண்டு.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. பலகையில் எழுதிவைத்திருந்தது கண்முன்னால் நடந்ததுபோல ஒரு பார்வை பார்த்தாள். தன் மெஷினை எடுத்துவந்து சுண்டுவின் விரலில் குத்தினாள். இருநூற்று அறுபத்தெட்டு.

"மெஷின் பொய் சொல்லுமா?" என்றாள்.

அந்த எண்ணைப் பார்த்து உண்மையில் குழம்பியது நான் ஒருத்திதான். அம்மாவைப் பொறுத்தவரை அதில் குழப்பமே இல்லை. மாவுச்சத்தே நுழையாத வீட்டில் பிள்ளைக்குச் சர்க்கரை ஏற ஒரே வழி திருட்டு. காகிதம் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. ஆனால் அந்தப் பதினேழையும் தின்றது நான். சுண்டு ஒன்றுகூடத் தின்னவில்லை. அப்படியானால் அந்த இருநூற்று அறுபத்தெட்டு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைக் கேட்க முடிந்த ஒரே ஆள் உலகத்திலேயே நான்தான். கேட்டுக்கொண்டேன். பிறகு தூங்கிவிட்டேன்.

அம்மா அடிக்கிற ரகமில்லை. பேசாமல் இருந்துவிடுவாள். ஒருமுறை என்னிடம் பதினோரு நாள் பேசவில்லை. சாப்பாடு போடுவாள், தலை வாரிவிடுவாள், ஆனால் கண் நம்மேல் படாது. அந்தப் பதினோரு நாளை நான் மறக்கவில்லை. அதனால் சுண்டுவிடம் அம்மா பேசுவதை நிறுத்தியபோது எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. நான்காவது நாள் அவள் கழிவறை வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவள் அடிக்கடி கழிவறைக்குப் போனாள், நிறையத் தண்ணீர் குடித்தாள், இரண்டு நாள் படுக்கையை நனைத்தாள்.

"இங்க பாருடி," என்றேன். "சனிக்கிழமை வகுப்புல எழுந்து ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டா அம்மா பேசுவாங்க."

"நான் எடுக்கலையேக்கா."

"அதனால என்ன? ஒரு தடவ சொல்லிடு. எல்லாரும் கை தட்டுவாங்க."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "எதைச் சாப்பிட்டேன்னு கேப்பாங்களே?"

"கேரமல்னு சொல்லு."

"கேரமல்னா எப்படிக்கா இருக்கும்?"

"வாயில ஒட்டும்."

"பசை மாதிரியா?"

"பசை மாதிரி இல்லடி. மெதுவா கரையும். கடைசில கொஞ்சம் உப்புக் கரிக்கும்."

"உனக்கு எப்படிக்கா தெரியும்? நீதான் ரெண்டு வருஷமா சாப்பிடலையே."

"பழைய ஞாபகம்," என்றேன்.

மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். சனிக்கிழமை அவள் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "கேரமல். பதினாறு... இல்ல, பதினேழு. ஸ்கூல் விட்டு வந்ததும். வாயில ஒட்டிச்சு," என்றாள். என்னைப் பார்த்தாள், சரியாகச் சொன்னோமா என்று. நான் தலையாட்டினேன். லாரிக்காரர்தான் முதலில் கைதட்டினார். பிறகு எல்லாரும். அம்மா ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டாள். நானும் தட்டினேன். அன்றைக்குச் சுண்டு எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அம்மா மடியிலேயே படுத்துக் கிடந்தாள். அதை அவளுக்கு வாங்கிக்கொடுத்தது நான்.

அன்று சாயங்காலம் என் பின்னாலேயே வந்து, "அக்கா, ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டுக்கட்டா? அப்ப நான் சொன்னது பொய் ஆகாதுல்ல?" என்று கேட்டாள்.

தகரப் பெட்டியின் சாவி என்னிடம்தான் இருந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை. உடம்புக்குக் கெடுதல் என்று சொல்லிவிட்டேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

அடுத்து அம்மா ஒரு நோட்டுப் போட்டாள். தினமும் காலை, மாலை சுண்டுவின் விரலில் குத்தி எண்ணை எழுத வேண்டும். காலையில் சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து நிறத்தையும் எழுத வேண்டும். உடம்பு சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரிக்க ஆரம்பித்தால் அந்தப் பட்டை வெளிர் ரோஜாவிலிருந்து கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். எங்கள் வகுப்பில் கத்தரிப்பூ நிறம் வந்தால் பரிசு வாங்கின மாதிரி. அம்மாவுக்குக் காலையும் மாலையும் வகுப்பு இருந்ததால் இந்த வேலை எனக்கு வந்தது. கொடுக்கும்போது ஒன்று சொன்னாள். "முன்னூறைத் தாண்டினா உடனே எங்கிட்ட சொல்லு. டாக்டர்கிட்டக் காட்டிடலாம். இதுல விளையாடக் கூடாது."

இதை அம்மா சொன்னாள் என்பதை நான் மறைக்கவில்லை, பாருங்கள்.

மூன்றாவது நாளே முன்னூற்று இருபது வந்தது. நான் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன். டாக்டரிடம் போனால் ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தைப் பார்த்தால் இந்தப் பிள்ளை மிட்டாயே தின்றதில்லை என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் தெரியாது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. இவள் தின்னவில்லை என்றால் பின்னே யார் என்று கேட்பார்கள். சுவரிலிருந்து என் படத்தை எடுப்பார்கள். டீச்சர், லாரிக்காரர், எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். அம்மா பார்க்க மாட்டாள்.

இருநூற்று அறுபது என்று எழுதினேன்.

ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு சுலபம். மறுநாள் இருநூற்று ஐம்பத்தைந்து. அதற்கு மறுநாள் ஐம்பது. ஒரேயடியாக இறக்கினால் சந்தேகம் வரும் என்று நடுவில் ஒருநாள் கொஞ்சம் ஏற்றினேன். அம்மா தினமும் ராத்திரி நோட்டைப் பார்த்துவிட்டு, "இறங்குது பாரு, இறங்குது பாரு," என்று சுண்டுவை முத்தமிடுவாள். பட்டையின் நிறத்தில் மட்டும் நான் பொய் எழுதவில்லை. எழுதத் தேவையே இல்லை. நல்ல கருங்கத்தரிப்பூ. அவ்வளவு அழுத்தமான நிறம் வகுப்பில் யாருக்குமே வந்ததில்லை. அம்மா அதைப் படம் எடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். நாற்பது பேர் இதயம் போட்டார்கள்.

சுண்டு இளைத்தாள். பள்ளிச் சீருடையின் பாவாடைக்கு ஊக்கு குத்த வேண்டியிருந்தது. வாயில் பழ வாடை அடித்தது. வகுப்பில் பலகையின் இன்னொரு மூலையில் ஒரு பட்டியல் உண்டு: சர்க்கரையிலிருந்து விடுபடும்போது வருபவை. தலைவலி, தாகம், களைப்பு, எரிச்சல், வயிற்றுவலி, வாந்தி, வாயில் பழ வாடை. சுண்டுவுக்கு ஒவ்வொன்றாக வந்தது. அம்மா ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு அவளுக்குத் தைரியம் சொன்னாள். "இன்னும் கொஞ்சம்தான்டா செல்லம். வெளிய வந்துட்டே." எலும்பு சூப்பில் உப்புப் போட்டுக் கொடுப்பாள். சுண்டு குடிப்பாள். பழச்சாறு கேட்பாள். அது அவள் கேட்கவில்லை, போதை கேட்கிறது என்று அம்மா சொல்வாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எனக்குப் போன் செய்தார்.

"பெரியவளே, உங்கப்பா சொன்னாரு, சின்னது ரொம்ப எளச்சிட்டாளாமே?"

"டயட்ல இருக்கா சித்தப்பா."

"அது தெரியும். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. தண்ணி நெறையக் குடிக்கிறாளா?"

"இல்ல."

"அடிக்கடி பாத்ரூம் போறாளா? படுக்கையில போயிடறாளா?"

சுண்டு அப்போது என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கழுத்து வழியாக ஒழுகி ஊக்குக் குத்திய பாவாடையில் இறங்கியது.

"அதெல்லாம் இல்ல சித்தப்பா. நல்லாத்தான் இருக்கா."

"உங்கம்மா பக்கத்துல நின்னு சொல்லச் சொல்றாங்களா?"

"இல்ல."

"சரி. உன் பேச்ச நம்பறேன். எதாவதுன்னா என்ன கூப்பிடு, என்ன?"

அவர் நம்பினார். என்னை எல்லாரும் நம்புவார்கள். அது என் தப்பு இல்லை.

கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. அப்பா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். காலையிலிருந்து சுண்டு நான்கு தடவை வாந்தி எடுத்தாள். அன்று வகுப்புக்கு வெளியூரிலிருந்து புதிதாக முப்பது பேர் வருகிறார்கள், நாற்காலிகூட இரவல் வாங்கியிருந்தோம். அம்மா போகவா வேண்டாமா என்று வாசலில் நின்றாள். "எவ்வளவு இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள். நான் இன்னும் குத்திப் பார்க்கவில்லை. நேற்று எழுதியிருந்ததையே சொன்னேன். "இருநூத்தி நாப்பதும்மா."

"நாப்பதா? அப்ப சரி. சூப்பு குடு. ஒரு மணி நேரத்துல வந்துடறேன். நீ ஸ்கூலுக்குப் போகாத, கூடவே இரு."

அம்மா கீழே போன பிறகு குத்தினேன். மெஷினில் எண் வரவில்லை. எச், ஐ என்று இரண்டே இரண்டு ஆங்கில எழுத்து வந்தது. சுண்டு அதை எட்டிப் பார்த்தாள். மூச்சு வாங்க வாங்க, "அக்கா, மெஷின் எனக்கு ஹாய் சொல்லுதுக்கா," என்றாள்.

மெஷினின் டப்பாவுக்குள் ஒரு சின்னப் புத்தகம் உண்டு. எடுத்துப் பார்த்தேன். மெஷினால் அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, உடனே மருத்துவரிடம் செல்லவும் என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பு முக்கோணம். நான் அதை இரண்டு முறை படித்தேன். மடித்து டப்பாவுக்குள்ளேயே வைத்தேன். நோட்டை எடுத்து இருநூற்று நாற்பது என்று எழுதினேன். அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் அல்லவா, மாற்றினால் குழப்பம்.

அவள் மூச்சு ஒரு மாதிரி இருந்தது. மாடிப்படி முழுக்க ஓடி ஏறி வந்தவள் மாதிரி, ஆனால் படுத்துக்கிடந்தாள். ஒவ்வொரு மூச்சும் ஆழமாக. "வயிறு வலிக்குதுக்கா," என்றாள். பிறகு, "அம்மாகிட்ட உண்மையச் சொல்லிடட்டா? நான் சாப்பிடலன்னு?" என்றாள்.

"இப்பச் சொன்னா நீ திரும்பவும் பொய் சொல்றேன்னு நெனைப்பாங்கடி."

"பேசமாட்டாங்களா?"

"பேசமாட்டாங்க."

"அப்ப வேணாம்," என்றாள்.

பிறகு அவள் தெளிவாக எதுவும் பேசவில்லை. நான் கூப்பிட்டால் கண் திறப்பாள், மூடிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் திறப்பதும் நின்றது. கீழே அம்மாவின் குரல் கேட்டது. தாத்தாவுடைய கால் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். படி பதினெட்டு. இறங்கினால் அரை நிமிடம். முப்பது புது ஆட்கள் நடுவில் போய் நின்று என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. முடியட்டும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளைத் தனியாக விடவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்மா மேலே வந்து ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டாள். பிறகு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினாள்.

ஆஸ்பத்திரியில், எப்படி இப்படி ஆனது என்று டாக்டர் கேட்டார். அம்மா சொன்னாள், திருடித் தின்றாள், அவளே எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டாள் என்று. டாக்டர் கையிலிருந்த ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை அம்மா பக்கம் திருப்பினார். "இது இனிப்பு சாப்பிட்டு வர்ற நோய் இல்லம்மா. இவ உடம்புல இன்சுலினே சுரக்கல. நீங்க சாப்பிடற டயட்டும் காரணமில்ல, மிட்டாயும் காரணமில்ல. ஊசி போட்டிருந்தா பிழைச்சிருக்கும். ஒரு நாள் முன்னாடி வந்திருந்தாக்கூட." மூளை வீங்கிவிட்டது என்றார். மூன்றாவது நாள் முடிந்தது.

ஒரு நாள் என்று அவர் சொன்னார். காகிதம் கிடைத்த நாளிலிருந்து எண்ணினால் பதினாறு நாள் இருந்திருக்கிறது.

மெஷின் பழைய எண்களை ஞாபகம் வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரியும். மெஷினை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் எழுந்து போய் அதிகாரியிடம் இரண்டையும் கொடுத்துவிட்டார். அப்பா அவரோடே போய்த் தங்கியிருக்கிறார்.

இன்று சாயங்காலம் அம்மா என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். பத்து நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கழுத்து எலும்பு தெரிந்தது.

"மெஷின்ல வேற நம்பர் இருக்காம்."

"தப்பாப் பார்த்திருப்பேன்மா."

"அத்தன நாளும் தப்பாவா பார்த்தே?"

 அம்மா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. என் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காகிதங்களை நீவிய அதே விரல்கள் என்று எனக்குத் தோன்றியது. அதற்குமேல் அவள் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். காகிதம், கேரமல், சித்தப்பாவின் போன், சிவப்பு முக்கோணம், நாற்பது நிமிடம், எல்லாம் தெரிந்தே செய்தேன் என்பது, எல்லாம். கேட்கவில்லை.

"நாளைக்கு அவங்க கேட்டா, நான் சொல்லித்தான் எழுதினேன்னு சொல்லிடு," என்றாள் அம்மா. "நான் எந்த நம்பர் சொன்னேனோ அதத்தான் எழுதினேன்னு. வேற எதுவும் பேசாத. புரிஞ்சுதா?"

"அப்ப உங்களை..."

"சொன்னதச் செய்."

எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெரியும். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெற்றவள் வாய்விட்டு ஒன்று கேட்கும்போது என்ன செய்வது? நான் இதுவரை அம்மா பேச்சைத் தட்டியதே இல்லை.